ரகுமத் அக்காவின் கொக்கி

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் விறகு என்னை விட்டபாடில்லை. காலையில் காபி ஆறுவதற்குள் போன் கூப்பிடும். திறந்தால் ஒரு கட்டையின் படம் இருக்கும், கூடவே கார்த்தியின் குரல்: "அக்கா, இது கோழிக்கு ஆகுமா?" புகைக்கறிக் கம்பெனியில் விறகு தரம் பார்த்து நான் செய்த வேலையை இப்போது கார்த்திதான் பார்க்கிறான். நல்ல பையன், சுறுசுறுப்பானவன். ஆனால் போட்டோவில் விறகு மணக்குமா? "ஏலே, மொதல்ல அத மோந்து பாத்துட்டு எனக்குப் போன் போடு" என்று நானும் குரல் அனுப்பிவிட்டுத் திரும்பினால் காபி ஆறித்தான் போயிருக்கும்.

மதுரை ரோடு நெடுக இப்போது புகைக்கோழிக் கடைகள் வந்துவிட்டன. காரியாபட்டிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் 'ஆப்பிள் மரப் புகையில் வெந்தது' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஆப்பிள் மரத்துக்கு எங்கே போனீர்கள் என்று கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். பாக்கெட்டில் வருகிறதாம். கடைக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் கிளை கிளையாகக் காய்ந்து நிற்கிறது, அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கறிக்குப் புகை போடுகிற கம்பெனி என்று சொன்னாலே பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா கொஞ்சம் தள்ளி உட்காருவார்.

கார்த்தியும் இந்தக் கடைக்காரத் தம்பிகளும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எது நல்ல விறகு? மரத்தின் பேரைச் சொல்லிவிட்டால் கேள்வி முடிந்தது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ரகுமத் அக்கா வந்துதான் அந்த நினைப்பைக் கெடுத்தார்.

என் பெயர் முத்துராக்கு. ஊர் திருச்சுழிக்குப் பக்கம். கருவேல மரத்தை வெட்டி விறகாக்குவதுதான் எங்கள் வீட்டுப் பிழைப்பு. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை போகிற ரோட்டில் அந்தக் கம்பெனியை ஆரம்பித்தபோது விறகு அடுக்குகிற வேலைக்குப் போனேன். கோழியையும் மீனையும் உப்பில் ஊறவைத்து, புகை போட்டு, பெரிய ஊர் ஹோட்டல்களுக்கு அனுப்புகிற கம்பெனி. மீன் கடற்கரையிலிருந்து ஐஸ் வண்டியில் வரும். கடலை விட்டுவிட்டு இந்தப் பொட்டல்காட்டில் வந்து ஏன் மீனைப் புகைக்கிறார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் ஊரில் காற்றில் ஈரம் கிடையாது, விறகுக்குப் பஞ்சம் கிடையாது. வேறு என்ன வேண்டும்? அடுக்குகிற வேலையில் இருந்து தரம் பிரிக்கிற வேலைக்கு வந்தேன், கடைசியில் விறகு முழுக்க என் பொறுப்பு என்றானது. நடுவில் போன வருடங்களில் கையில் ஏறிய முள்ளைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

புகை ரூமுக்கு அதிகாரி லாரன்ஸ் சார். தூத்துக்குடிக்காரர், ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி இருக்கும். பேச்சு ரொம்பக் குறைவு. விறகைக் கத்தியால் சீவி மோந்து பார்ப்பார், சில சமயம் நாக்கிலும் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சின்னதாக "ம்" என்றால் அந்தக் கட்டை வெளியே. கொஞ்சம் இழுத்து "ம்ம்" என்றால் உள்ளே. இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வருமா என்று நான் வருடக்கணக்கில் காத்திருந்தேன், வந்ததில்லை.

புகை ரூம் பக்கம் வருகிறவர்கள் தலையில் பூ வைக்கக் கூடாது, பவுடர் பூசக் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. "கறி எல்லாத்தையும் இழுத்துக்கிடும்மா. மல்லிகப்பூ வாசத்துல மீனு தின்னா ஒனக்குப் பிடிக்குமா?" என்பார். ஊர்க் கல்யாணத்துக்குக்கூட வேலை முடிந்து தலையில் பூ இல்லாமல் போய் நிற்பேன். எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அவருடைய சோதனைதான் எல்லாவற்றையும்விட வேடிக்கை. எதிர்க்கடையில் இட்லி வாங்கி வரச் சொல்வார், சட்னி சாம்பார் எதுவும் இல்லாமல். கடைக்காரர், "ஏத்தா, ஒங்க சாருக்கு வயிறு சரியில்லையா?" என்று தினமும் கேட்பார். ஒரு சட்டியில் தணல் போட்டு, புதிதாக வந்த விறகின் சீவலை அதில் தூவி, மேலே கம்பி வலையில் ஒரு விள்ளல் இட்லியை வைத்து மூடிவிடுவார். சற்று நேரம் கழித்து எடுத்துத் தின்பார். இட்லிக்கு என்று பெரிய ருசி கிடையாது, புகை என்ன சொல்கிறதோ அதைத்தான் சொல்லும் என்பது அவர் கட்சி. கொய்யாப் புகை இட்லியில் லேசாக இனிக்கும். புளியங்கட்டை அமைதியானது, எந்தக் கறிக்கும் ஒத்துப்போகும். நன்றாகக் காய்ந்த கருவேலுக்குக் காரம் அதிகம், ஆட்டுக்கறிக்குத் தாங்கும், மீனுக்குத் தாங்காது. பச்சைக் கருவேல் என்றால் வெள்ளை வெள்ளையாகப் புகைந்து இட்லி கசந்துவிடும். வேம்பு காய்ந்தாலும் கசப்புத்தான். தைல மரம் போட்டால் சளிக்குத் தேய்க்கிற மருந்தைத் தின்ற மாதிரி இருக்கும். இதெல்லாம் தின்று தின்று நான் தெரிந்துகொண்டது. அந்தக் காலத்தில் வீட்டில் இட்லி அவித்தால் எனக்குக் கோபம் வரும்.

ஒருமுறை குட்டியானை வண்டியில் வந்த விறகு லோடில் கையை விட்டபோது வழவழப்பாக ஒரு குச்சி தட்டுப்பட்டது. உருவிப் பார்த்தால் அரளி. நாலுவழிச்சாலை நடுவில் பூப்பூவாக நிற்கிறதே, அதே அரளி. கிளை கழித்துப் போட்டதை யாரோ பொறுக்கி விறகோடு சேர்த்திருக்கிறார்கள். அரளி உடம்பு முழுக்க விஷம், அதன் புகையும் ஆகாது. லோடைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன்.

"ஒத்தக் குச்சிக்கா இம்புட்டு லோடையும் திருப்புறீக?" என்று டிரைவர் எகிறினார்.

"ஒத்தக் குச்சியத்தான் நான் பாத்தேன். பாக்காதது எத்தனைன்னு ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

லாரன்ஸ் சார் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ம்ம்" என்றார். இழுத்த "ம்ம்". எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

இனி ரகுமத் அக்கா. அந்த வருடம் பக்ரீத்தும் ஆடி மாதமும் ஒட்டி வந்தன. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் ஆர்டர் படுத்துவிடும். ரூமில் கொக்கிகள் எல்லாம் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், வீரசோழனிலிருந்து பஸ் ஏறி, கையில் ஒரு தூக்குச்சட்டியோடு அவர் வந்து நின்றார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

"வெளிக் கறிய இங்க வாங்குறதில்லக்கா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தூக்கைத் திறந்துவிட்டார். நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவிய ஆட்டுக்கறி.

"எம்மவன் பேருல பெருநாளைக்கு அறுத்துக் குடுத்த குர்பானிம்மா. பெருநாளுக்கு வரணும்னுதான் இருந்தான், வெளிநாட்டுல அவனுக்கு லீவு கெடைக்கல. அடுத்து வாரேன்னுருக்கான். அவுக அத்தா, எங்க வீட்டுக்காரவுக, மௌத்தாகி அடக்கம் பண்ணப்பக்கூட அவனால வர முடியல. அதுக்கப்பறம் இப்பத்தான் வீட்டு வாசல மிதிக்கப் போறான். அவன் பங்கு இது. அவன் தின்னணும்."

"ஃபிரிட்ஜில வைக்கலாமேக்கா?"

"வைக்கலாம். ஆனா அவன் சின்னப்பிள்ளையில அடுப்புக்கு மேல கொடி கட்டி உப்புக்கண்டம் தொங்கும். அதத் திருடித் திருடித் திம்பான். இப்ப வீட்டுல கேஸ் அடுப்பு. புகைக்கு நான் எங்க போவேன்? அந்த வாசம் வேணும், அதான் ஒங்ககிட்ட வந்தேன்."

நான் லாரன்ஸ் சாரைப் பார்த்தேன். கம்பெனி விதியை ஒரு நாளும் மீறாத மனிதர். தூக்குச்சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு கொக்கி குடுத்துரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

'அந்த வாசம்' என்று ரகுமத் அக்கா சொன்னது எனக்குச் சவாலாகப் போய்விட்டது. அடுப்பில் என்ன விறகு எரித்தீர்கள்? கருவேல்தான், வேறென்ன. நாட்டுக் கருவேலா, சீமைக் கருவேலா? ரெண்டும்தான். மேலே ஓடா, கூரையா? ஓடு. வரட்டி எரிப்பீர்களா? எப்போதாவது. போலீஸ்காரர்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார். எல்லாவற்றையும் கேட்டு, பட்டையை உரித்த பழைய கருவேலாகப் பொறுக்கி, நெருப்பு மூட்டமாகவே இருக்கும்படி பார்த்துப் புகை போட்டேன். கறி நன்றாக இறுகி, கருஞ்சிவப்பாக வந்தது. அவரை வரவழைத்து ஒரு நார் கிழித்துக் கொடுத்தேன்.

மென்று பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. "ஆனா இது அது இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் புளியங்கட்டை சேர்த்துப் பார்த்தேன். சீமைக் கருவேலைக் குறைத்து நாட்டுக் கருவேலைக் கூட்டினேன். வரட்டிகூட ஒரு துண்டு வைத்துப் பார்த்தேன். மறுபடி வந்து மென்றார். "பக்கத்துல வருது, வந்துட்டுத் திரும்பிப் போயிருது" என்றார். மகன் வருகிற திங்கள்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. என்ன மரத்தை விட்டேன் என்று எனக்கு யோசித்து யோசித்துத் தலை வலித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் லாரன்ஸ் சார் மீன் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று நானும் நெருப்பை அணைத்து, கறியைக் கொக்கியிலேயே விட்டு, ரூமைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ரூம் கதவைத் திறந்த லாரன்ஸ் சார் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கு விடைத்தது.

"முத்துராக்கு, நேத்து என்ன வெறகு போட்ட?"

"அதே கருவேல், அதே புளி. ஏன் சார்?"

அவர் கறி தொங்கிய கொக்கியைப் பார்த்து நடந்தார். நானும் உள்ளே போனேன். கறியில் வேறு ஒரு வாடை. புகைக்குள் ஏதோ இனிப்பாக, கனமாக உட்கார்ந்திருந்தது. தெரிந்த வாசம்தான், ஆனால் அந்த இடத்தில் அது இருக்கக் கூடாது என்பதால் மூளைக்குப் பிடிபடவில்லை. கடைசியாகப் போட்ட விறகை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். எதிர்க்கடையிலிருந்து இட்லி வந்தது. ஒவ்வொரு கட்டையாகச் சீவி, ஒவ்வொரு விள்ளலாகப் புகைத்துத் தின்றார். எல்லாம் சுத்தம். மறுபடியும் முதலிலிருந்து சீவ ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என் வெறகுல கோளாறுன்னா சொல்லிருங்க சார். இப்பவே கெளம்பிப் போறேன்" என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அது இந்த வேலைக்காக வந்த தண்ணீர் இல்லை. ரகுமத் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது?

அவர் என்னைச் சட்டையே செய்யவில்லை. மிச்சமிருந்த ஒரு இட்லியைக் கொண்டுபோய், நெருப்பே இல்லாத அந்த ரூமில், வெறும் கொக்கியில் குத்திக் கதவைச் சாத்தினார். ஒரு டீ குடித்துவிட்டு வந்து எடுத்து வாயில் போட்டார்.

"வெறகு இல்லம்மா. சாம்பிராணி" என்றார். "எங்க சர்ச்சுலயும் இதத்தான் போடுவாங்க. எனக்கே தோணாமப் போச்சு."

ரூம் மூலையில் தேடினால் சாம்பல் தட்டிப்போன ஒரு தூபக்கால் இருந்தது. வாட்ச்மேனைக் கேட்டதும் விஷயம் வந்துவிட்டது. எங்கள் முதலாளி அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கிற குடும்பம். வெள்ளிக்கிழமை தவறாமல் சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்டு, ஆபீஸ், தராசு, கம்ப்யூட்டர், லாரி என்று ஒன்று விடாமல் காட்டுவார். புகை ரூம் பக்கம் மட்டும் லாரன்ஸ் சார் விட்டதில்லை. அன்று ஆடி வெள்ளி, லாரன்ஸ் சாரும் இல்லை. சோறு போடுகிற ரூமுக்குக் காட்டாமல் கம்ப்யூட்டருக்குக் காட்டி என்ன புண்ணியம் என்று நினைத்திருக்கிறார். கை நிறைய அள்ளிப் போட்டு, தூபக்காலை உள்ளேயே வைத்து, பக்தியோடு கதவையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்.

போன் போட்டதும் முதலாளி பதறியடித்து ஓடிவந்தார். "நல்லதுக்குத்தானய்யா செஞ்சேன். அவுகளுக்கு இளங்கெடாயாப் பாத்து வேற கறி வாங்கிக் குடுத்துருவமே?"

"குர்பானிக் கறிக்கு மாத்துக்கறி கெடையாதுங்க" என்றார் லாரன்ஸ் சார். "அது அந்தப் பையன் பேருல அறுத்தது."

முதலாளி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவுக வீட்டுல எறந்தவுகளுக்கு ஓதுறப்பத்தான சாம்பிராணி போடுவாக? வராத புள்ள வாரப்ப இது அபசகுனமாப் போயிருமே" என்றார்.

அன்று முழுக்கக் கறியை வெளியே கட்டி ஆடிக்காற்றில் ஆடவிட்டோம். எங்கள் ஊர் ஆடிக்காற்று ஆளையே தள்ளும், சாம்பிராணியை மட்டும் அதனால் முழுக்கத் தள்ள முடியவில்லை. காரமான கருவேலாகப் போட்டு ஒரே அமுக்காக அமுக்கிவிடலாமா என்று கேட்டேன். லாரன்ஸ் சார் சின்னதாக "ம்" என்றார். "ஒண்ண மறைக்க இன்னொண்ணு போட்டா ரெண்டும் கெட்டுரும்மா. நடந்ததச் சொல்லிக் குடுப்போம். நானே சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை ரகுமத் அக்கா வந்தார். மறுநாள் மகன் வருகிற சந்தோஷத்தில் புதுச் சேலை கட்டியிருந்தார். நானே சொல்கிறேன் என்ற லாரன்ஸ் சார் தொண்டையைச் செருமிக்கொண்டே நின்றார். அதற்குள் அக்கா, நாங்கள் கறியை அடுக்கி வைத்திருந்த தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டார்.

முகம் அப்படியே நின்றுபோனது. ஒரு நார் கிழித்து வாயில் வைத்தார். மெல்லுகிறார், மெல்லுகிறார், கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு மெல்லுகிறார். பிறகு அடுக்கியிருந்த விறகின் மேலேயே மெதுவாக உட்கார்ந்துவிட்டார். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு என் பின்னால் ஒளிந்தார்.

"யாரு ஒங்களுக்குச் சொன்னா?" என்றார் அக்கா.

"எதக்கா?"

"சாம்பிராணிய."

அவரே சொன்னார். "வியாழக்கிழம பொழுது அடஞ்சதும் எங்க வீட்டுக்காரவுக சாம்பிராணி போடுவாக. ரூம் ரூமாக் காட்டிட்டுக் கடைசியா அடுப்படிக்கு வந்து, கொடிக்கு நேர் கீழ தூபக்கால வச்சுட்டுத் தொழுகப் போயிருவாக. கறியில புகையுதுன்னு நான் சண்ட போடுவேன். அவுக போனதுக்கப்பறம் யாரும் போடுறதில்ல. அதயே மறந்து போனேம்மா."

"நான் அத்தன கேட்டேனேக்கா."

"நீ வெறகத்தான கேட்ட? அவுகளக் கேக்கலையே."

அன்று முதல் யாராவது வீட்டு வாசம் வேண்டும் என்று வந்தால், விறகைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அடுப்படிக்கு யார் யார் வருவார்கள் என்று கேட்பேன். கார்த்தியிடமும் இதைத்தான் சொல்கிறேன். அவன் சரிக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டையின் படத்தை அனுப்புகிறான்.

அடுத்த வாரம் ரகுமத் அக்கா அதே தூக்குச்சட்டியில் நெய்ச்சோறு கொண்டுவந்தார். நானும் லாரன்ஸ் சாரும் விறகுக் கொட்டகையில் இருந்தோம்.

"புள்ள வந்துட்டானாக்கா? தின்னானா?"

"வந்தான். அவன் வார நேரத்துக்குக் கறியச் சட்டியில போட்டுச் சூடு பண்ணிக்கிட்டு இருந்தேன். பைய வாசல்ல வச்சான். உள்ள காலெடுத்து வச்சவன் அப்படியே நின்னு கேக்குறான், 'அம்மா, அத்தா தொழுதுட்டு வந்துட்டாகளா?'ன்னு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுட்டு அவனே வெலவெலத்துப் போயிட்டான். மௌத்துச் சேதி சொன்னப்ப போன்ல ஒரு சொட்டு அழுகாத புள்ளம்மா. எனக்குள்ள அதான் அறுத்துக்கிட்டே கெடந்துச்சு. அன்னைக்கு வாசப்படியில உக்காந்து வாய்விட்டு அழுதான். அழுதுட்டுக் கைகழுவி வந்து சட்டியக் காலி பண்ணிட்டான்."

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். லாரன்ஸ் சார் அந்த இரண்டு "ம்"மில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தரையில் கிடந்த ஒரு கட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். வைத்தவர் வைத்தபடியே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். அது காலையில் அவரே "ம்" சொல்லித் தள்ளிப் போட்ட வேப்பங்கட்டை.